முப்பத்தேழாம் எண் மரம்

லேப் அக்காவின் வாசலில் நின்ற மரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் பெயின்டால் எழுதினார்கள். முதலில் "37" என்ற எண். அதற்குக் கீழே இரண்டே எழுத்து: "பெ.தெ."

"பெ.தெ.ன்னா என்ன?" என்று கேட்டார் லேப் அக்கா.

எழுதியவர் மாநகராட்சியின் டேப்காரர். பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷை எடுத்துவிட்டுச் சொன்னார். "பெயர் தெரியவில்லைங்கம்மா."

"யாருக்குத் தெரியலை?"

"ஆபீசுக்கும்மா."

"எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க?"

"இருபத்தாறு வருஷம்."

"இருபத்தாறு வருஷமா மரத்தைக் கட்டிப்புடிச்சு அளக்குறீங்க. கட்டிப்புடிச்சதோட பேரைக் கூடவா கேக்க மாட்டீங்க?"

"நமக்குச் சுற்றளவுதாம்மா வேலை. நூத்தி எண்பத்தாறு சென்டிமீட்டர்." அதை ஒரு நல்ல செய்திபோலச் சொன்னார். "பேர் எதுக்கும்மா? அது பாட்டுக்கு நிக்கட்டும், விடுங்க."

விடக்கூடிய விஷயமா அது? தெருவில் புதிய மழைநீர் வாய்க்கால் வருகிறது. வாய்க்காலுக்கு அடித்த சுண்ணாம்புக் கோடு மற்ற மரங்களை எல்லாம் விட்டு விலகி வந்து, முப்பத்தேழாம் எண் மரத்தை மட்டும் நட்டநடுவில் போய் முட்டுகிறது. அடுத்த வியாழக்கிழமை பொறியாளர் நேரில் வந்து, மரம் நிற்பதா விழுவதா என்று முடிவுசெய்வார்.

லேப் அக்காவால் அதை விட முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முப்பத்தொரு வருடம் அவர் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு சட்டம்: பெயர் ஒட்டாத குப்பி வந்தால் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நேரே குப்பைத் தொட்டி. உள்ளே இருப்பது யாருடைய உயிரானாலும் சரி, சீட்டு இல்லையென்றால் ஆள் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் கையெழுத்திட்ட எந்த ரிப்போர்ட்டிலும் "கண்டறிய இயலவில்லை" என்ற வரி கிடையாது. புதிதாக வரும் டாக்டர்கள் விழிக்கும் ஸ்லைடை வாங்கி, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து, மறு கண்ணைக்கூட மூடாமல் "இது இன்னது" என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் தெருவே அவரை "லேப் அக்கா" என்று கூப்பிடுவது அதனால்தான். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவர் முதுகு தானாகக் கொஞ்சம் நிமிரும்.

"ஏங்க, நம்ம வாசல்லயே பெயர் தெரியலைன்னு எழுதிட்டுப் போறாங்க. எவ்வளவு அவமானம்!" என்று உள்ளே வந்து பொரிந்தார்.

அவர் கணவர் பேப்பரை இறக்கினார். "அப்போ அது என்ன மரம்?"

லேப் அக்கா ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பத்தொன்பது வருடமும் அவர்கள் அதை "வாசல் மரம்" என்றுதான் சொல்லிவந்தார்கள்.

"வியாழக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றார்.

முதல் முயற்சி மிக எளிது. ஒரு இலையைப் பறித்து, வெள்ளைத் தட்டில் வைத்து, மொபைலில் படம் எடுத்தார். இலையைக் காட்டினால் பெயர் சொல்லும் வசதி அதில் இருந்தது. சக்கரம் சுற்றியது. "எட்டி" என்று வந்தது.

"பாத்தீங்களா? ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கு மாநகராட்சிக்கு இருபத்தாறு வருஷம் போதலை!"

அட்டையில் கொட்டை எழுத்தில் "எட்டி மரம்" என்று எழுதி, துளை போட்டு, நூல் கோத்து மரத்தில் கட்டிவிட்டார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். சீட்டு ஒட்டிய குப்பி. இனி யாரும் தூக்கி எறிய முடியாது.

எதிர்வீட்டில் இருந்தவர் புதிதாகக் கார் வாங்கியவர். தன் வீட்டுக் கேட்டைத் திறக்க மனைவி கேட்டருகிலேயே நின்றாலும் ஹாரன் அடிப்பார். அதனால் தெருவில் அவருக்கு "ஹாரன்" என்றே பெயர். அந்த மரம் தினமும் தன் கார்மேல் குப்பை கொட்டுகிறது என்பது அவருடைய நெடுநாள் வழக்கு. அட்டையைப் படித்தவர், தானும் மொபைலை எடுத்துத் தேடினார். அடுத்த அரை மணி நேரத்தில் தெருவில் உள்ள அத்தனை தாய்மார்களும் வாசலில் நின்றார்கள்.

"எட்டின்னா விஷமாமே அக்கா! கொட்டை, பட்டை எல்லாமே விஷமாம்!"

"என் பொண்ணு நேத்துதான் இதுல சாஞ்சுக்கிட்டு நின்னா!"

"சாஞ்சா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் லேப் அக்கா.

"உங்களுக்கென்ன, உங்க பிள்ளைங்க வளந்துட்டாங்க" என்றார் ஹாரன். "எல்லாரும் இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. வியாழக்கிழமை பொறியாளர்கிட்ட குடுத்துடலாம்."

மனுவில் பதினாலு கையெழுத்து விழுந்தது.

லேப் அக்கா சமையலறை மேசையில் அந்தத் தட்டை மறுபடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இம்முறை ஒரு இலையை அல்ல, முழுக் கிளை நுனியையே கொண்டுவந்திருந்தார். கையில் லென்ஸ். சற்று நேரத்தில் "அடச்சே!" என்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"இங்க வாங்க. இது என்ன?"

"இலை."

"இல்லை! இதுதான் நான் பண்ணின தப்பும். இது இலை இல்லை, இலையில ஒரு துண்டு. இங்க பாருங்க. ஒரு இலை எங்க ஆரம்பிக்குதோ, அந்தக் கக்கத்துல ஒரு சின்ன மொட்டு இருக்கும். அடுத்த வருஷக் கிளை அதுலேர்ந்துதான் வரும். இந்தச் சின்ன இலைக்கு அடியில மொட்டு இருக்கா?"

"இல்லை."

"இதுக்கு அடியில?"

"இல்லை."

"இந்த முழுக் காம்பும் கிளையைத் தொடுற எடத்துல?"

கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். கடுகைவிடச் சின்னதாக ஒன்று இருந்தது. "அட, இருக்கே!"

"அப்போ இந்த ஏழு இலையும் சேர்ந்துதான் ஒரு இலை. நான் ஒரு விரலைப் போட்டோ எடுத்துட்டு ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கேன். எட்டிக்குத் தனித்தனி இலை. இது எட்டியே இல்லை!"

அந்த மகிழ்ச்சியில் வெளியே ஓடி, எட்டி அட்டையை அவிழ்த்துவிட்டு வந்தார். கீழே போட்ட அட்டையை ஹாரன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் வந்தது. மரங்களைக் கேள்வி கேட்டே பிடிக்கும் புத்தகம் அது. இலை தனியா, கூட்டா? கூட்டு என்றால் நாற்பதாம் பக்கம் போ. துண்டுகள் எதிரெதிரா, மாறி மாறியா? மாறி மாறி என்றால் அறுபத்திரண்டு. ஓரம் வழவழப்பா, பல் பல்லாகவா? ஒவ்வொரு கேள்வியிலும் பாதி மரங்கள் கழன்றுபோகும். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். லேப் அக்காவுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. கிளைகள் உயரத்தில் இருந்ததால், மரத்தின் அடியில் புதிதாக வெடித்திருந்த துளிரைப் பறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனார். ஞாயிறு மதியம் புத்தகம் ஒரு பெயரில் வந்து நின்றது. தமிழில் பெயர் இல்லை. இரண்டு சொல்லில் நீளமான லத்தீன் பெயர்.

"லத்தீன்ல இருந்தா இன்னும் நல்லது. ஆபீஸ்காரங்க பயப்படுவாங்க" என்று அதையும் அட்டையில் எழுதிக் கட்டினார்.

ஹாரன் அந்தப் பெயரைப் படிக்க மூன்று முறை முயன்று தோற்றார். ஆனால் தட்டச்சு செய்ய அவருக்கு வாய் வேண்டியதில்லையே.

"அக்கா!" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டார். "இது வெளிநாட்டு மரமாம். வேர் தண்ணிக் குழாயை உடைச்சுக்கிட்டு உள்ள போகுமாம். கண்ட எடத்துல வெட்டணும்னு போட்டிருக்கு. நீங்க ரொம்பக் கெட்டிக்காரங்க அக்கா, என் வேலையை நீங்களே பாக்குறீங்க!"

பதினாலு கையெழுத்து இருபத்தொன்பது ஆனது. குழாய் என்றதும் ஆண்களும் வந்துவிட்டார்கள்.

லேப் அக்கா வேகமாக உள்ளே போய்ப் புத்தகத்தை மீண்டும் விரித்தார். அந்த மரத்துக்குக் கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு சுள்ளியை ஒடித்துப் பார்த்தார். பால் இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை. அப்புறம் ஏன் புத்தகம் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது? யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. அடியில் வெடிக்கும் துளிரின் இலை வேறு, வளர்ந்த கிளையின் இலை வேறு. சில மரங்கள் சின்ன வயதில் ஒரு முகமும் பெரிய வயதில் ஒரு முகமும் காட்டும். துளிரின் ஓரத்தில் பல் இருந்தது. ஏணி போட்டு ஏறிப் பறித்த இலையில் பல்லே இல்லை.

"பால்பல் போட்டோவை வச்சுக் கிழவனைத் தேடியிருக்கேங்க" என்றார், ஏணியின் மேலிருந்து.

"மொதல்ல எறங்கு" என்றார் கணவர், ஏணியைக் கட்டிப்பிடித்தபடி.

திங்கட்கிழமை மரம் தானாக உதவிக்கு வந்ததுபோல் இருந்தது. தெருப்பக்கம் பட்டையில் ஆளுயரத்தில் செந்நிறமாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. கூட்டு இலை, ஓரத்தில் பல் இல்லை, சிவப்புப் பிசின். லேப் அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வேங்கைங்க! வேங்கை மரம் நம்ம வாசல்ல! இதை எவன் வெட்டுவான்னு பாக்குறேன்!"

"நல்லாப் பாத்துட்டு..."

"சிவப்புப் பிசின் கண்ணுக்கு நேரா இருக்கு. இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

மூன்றாவது அட்டை ஏறியது. இம்முறை கீழே "அரிய மூலிகை மரம்" என்று ஒரு வரியும் சேர்த்தார். அந்த ஒரு வரிதான் வினை. வேங்கைப் பட்டை சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று எப்போதோ யாரோ சொன்னதை அந்தத் தெருவில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட இருபத்தொன்பது பேரும் இப்போது மரத்தை வாழ்த்திக்கொண்டே ஆளுக்கொரு கத்தியோடு வந்தார்கள்.

"கொஞ்சம்தான் அக்கா. ஒரு கை அளவு."

"எங்க மாமியாருக்கு முந்நூறு இருக்கு அக்கா. இரக்கம் காட்டுங்க."

செவ்வாய் காலைக்குள் மரத்துக்கு இடுப்பளவில் ஒரு பக்கம் பட்டையே இல்லை. மரத்துக்குச் சாப்பாடு இறங்குவது பட்டைக்கு உட்புறமாகத்தான். சுற்றிலும் உரித்துவிட்டால் கோடரியே தேவையில்லை, மரம் நின்றபடியே பட்டினி கிடந்து சாகும். லேப் அக்கா நாற்காலி போட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒட்டடைக் கம்பு.

உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சிவப்பை நிதானமாகப் பார்த்தார். லென்ஸை வைத்தார். விரலால் தேய்த்தார், மோந்தார். பிசினுக்கு ஒட்டும் குணம் வேண்டாமா? இது பொடிப்பொடியாக உதிர்ந்தது. சற்று மேலே ஒரு பழைய ஆணி. என்றைக்கோ கொடிக்கயிறு கட்ட யாரோ அடித்தது. மழையில் துருப்பிடித்து வடிந்திருந்தது.

முப்பத்தொரு வருடம் ரத்தம் பார்த்தவர் துருவைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்!

"எல்லாரும் போங்க! இது வேங்கை இல்லை!" என்று எழுந்து நின்று கத்தினார்.

"அப்போ என்ன அக்கா?" என்றார் ஹாரன், காரைத் துடைத்துக்கொண்டே. "நாளுக்கு ஒரு பேர் வைக்கிறீங்க. நாங்க ஒரே ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்கவே மூணு மாசம் ஆச்சு."

தெரு சிரித்தது. லேப் அக்காவின் முதுகு முதல்முறையாக வளைந்தது.

வீட்டுக்குள் போய் லென்ஸை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கணவர் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, "லேப்ல ஒரு டெஸ்ட்டை மட்டும் வச்சு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டார்.

"போட மாட்டேன்."

"இங்க மூணு தடவை போட்டிருக்கே."

அது சுருக்கென்று தைத்தது, ஆனால் உண்மை. ஒரு துண்டு இலையை வைத்து ஒன்று, ஒரு துளிரை வைத்து ஒன்று, ஒரு கறையை வைத்து ஒன்று. ஒரு சாட்சி போதும் என்பது ரத்தத்தில் நடக்காது, மரத்தில் மட்டும் எப்படி நடக்கும்? இலை, பட்டை, பூ, காய் நான்கும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டு ஒரே பெயரைச் சொன்னால்தான் பெயர்.

பூவுக்கு எங்கே போவது? மரம் பூத்ததாகவே யாருக்கும் நினைவில்லை. புதன் காலை லேப் அக்கா எதிர்வீட்டுக் காரைச் சுற்றி வந்தார்.

"என்ன அக்கா, கார் வாங்கப் போறீங்களா?" என்றார் ஹாரன்.

"தம்பி, தினமும் உங்க கார்மேல மரம் என்ன கொட்டுது?"

"குப்பை."

"எந்த மாதிரிக் குப்பை?"

"குப்பையில என்ன மாதிரி? பச்சையா, பொடிப்பொடியா. வைப்பர்ல எல்லாம் சிக்கி..."

லேப் அக்கா வைப்பரைத் தூக்கினார். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் பச்சை நிறத்தில், அரிசியில் பாதி அளவில், நூற்றுக்கணக்கில் பூக்கள். இலையோடு இலையாக உயரத்தில் பூத்து, யார் கண்ணிலும் படாமல் உதிர்ந்த பூக்கள். அவற்றைக் கைக்குட்டையில் தட்டி முடிந்துகொண்டார். மரத்தடி மண்ணைக் கிளறினார். போன வருடக் காய்கள் ஓடாக நாலைந்து கிடைத்தன.

அன்று சமையலறை மேசை மறுபடி பரிசோதனைக் கூடமானது. ஊசி முனையால் பூவைப் பிரித்து, லென்ஸில் இதழ் எண்ணினார். மகரந்தத் தாள் எண்ணினார். காயைக் குறுக்கே வெட்டி அறைகளை எண்ணினார். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதினார். ஒன்றின் விடை மற்றதைக் கெடுத்துவிடக் கூடாது அல்லவா? நாலு தாளையும் கடைசியில் ஒன்றாகப் பரப்பினார்.

நான்கும் ஒரே பெயரைச் சொல்லின.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

"என்ன மரம்?" என்று கேட்டார் கணவர்.

"நாளைக்குப் பொறியாளர் முன்னாடி சொல்றேன். ஹாரனும் இருக்கணும்." முதுகு பழையபடி நிமிர்ந்துவிட்டது. "பத்தொன்பது வருஷமா நம்ம வாசல்ல நின்னுருக்குங்க. நான் வாசல் மரம்னு கூப்பிட்டிருக்கேன்!"

வியாழக்கிழமை தெருவே கூடியிருந்தது. பொறியாளர் இளம் பெண்மணி. கையில் ஒரு பலகைக் கணினி. பின்னால் டேப்காரர், கையில் டேப். ஹாரன் முதல் ஆளாகப் போய் மனுவையும், நூலோடு மூன்று அட்டைகளையும் நீட்டினார்.

"மேடம், இது விஷ மரம். குழாய் உடைக்கிற மரம். அப்புறம் மூலிகை மரம். மூணுமே இந்த அக்கா சொன்னதுதான். ஏதாவது ஒண்ணைப் போட்டு வெட்டிடுங்க."

பொறியாளர் பெருமூச்சு விட்டார். "இஷ்டத்துக்குப் போட முடியாதுங்க. தப்பான பேர் போட்டு வெட்டினா என் வேலை போயிடும். பேர் போடாட்டி வெட்டவே முடியாது. இந்தப் படிவத்துல மரத்தோட பேர் நிரப்பலைன்னா அடுத்த பக்கம் திறக்காது. அடுத்த பக்கத்துலதான் வெட்டுறதுக்கான உத்தரவு இருக்கு."

"பேர் சொல்ல உங்க ஆபீஸ்ல ஆள் இல்லையா?"

"ஒரு போஸ்ட் இருந்துச்சு. அவர் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாச்சு. தெருவுல தெரிஞ்சவங்க யாராவது பேர் சொல்லிக் கையெழுத்துப் போட்டாப் போதும், இன்னிக்கே உத்தரவு போட்டுடுவேன். இல்லாட்டி வாய்க்காலை வளைச்சுக்கிட்டுத்தான் போகணும்." சுற்றிலும் பார்த்தார். "எல்லாரும் உங்களைத்தான் கைகாட்டுறாங்க. நீங்கதானே லேப் அக்கா? சொல்லுங்கம்மா, இது என்ன மரம்?"

லேப் அக்காவின் நாக்கு நுனியில் பெயர் தயாராக நின்றது. நாலு சாட்சி, நாலு தாள், ஒரே பெயர். அவர் வாழ்நாளில் கையெழுத்திட்ட எந்த ரிப்போர்ட்டையும்விட உறுதியானது. ஆனால் இப்போதுதான் அவர் காதில் விழுந்தது, இந்த ஆபீசில் சட்டம் தலைகீழ் என்பது. சீட்டு ஒட்டிய குப்பிதான் இங்கே குப்பைத் தொட்டிக்குப் போகும்.

"அவங்களுக்கு எங்க மேடம் தெரியும்?" என்றார் ஹாரன். "சும்மா வாய்க்கு வந்ததை எழுதிக் கட்டுறாங்க."

லேப் அக்காவின் காது சிவந்தது. வாய் திறந்தது.

"அவளுக்குத் தெரி..." என்று ஆரம்பித்த கணவரின் பாதத்தை ஒரு செருப்பு அழுத்தி மிதித்தது.

"எனக்கு..." என்றார் லேப் அக்கா. முப்பத்தொரு வருடம், ஆயிரக்கணக்கான ஸ்லைடுகள், எல்லாம் கண் முன்னே வந்து நின்று அவரையே பார்த்தன. "எனக்குத் தெரியலைம்மா."

"தெரியலைன்னு கையெழுத்துப் போடுறீங்களா?"

"போடுறேன்." கணினியில் விரலால் போட்டார். அதிலும் அழகாகத்தான் விழுந்தது கையெழுத்து.

"சரி, வாய்க்கால் வளைஞ்சு போகட்டும். அடுத்து முப்பத்தெட்டு" என்று பொறியாளர் நடந்தார்.

"லேப் அக்காவுக்கே தெரியலையாம்!" என்று ஹாரன் சொல்ல, சிரித்துக்கொண்டே கூட்டம் பின்னால் போனது. கணவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் மனைவியின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

டேப்காரர் மட்டும் தங்கி, உரிந்த இடத்தில் ஈரக் களிமண்ணை உருண்டையாக எடுத்து மெதுவாக அப்பிக்கொண்டிருந்தார். லேப் அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இவரிடம் சொன்னால் என்ன, சுற்றளவைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர்தானே?

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கிட்டே போய்க் கிசுகிசுத்தார். "இந்த மரத்தோட பேரு..."

டேப்காரர் சட்டென்று மண் கையை உதட்டில் வைத்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்கம்மா. இந்த ஊர்ல பெயர் தெரியாத மரம் மொத்தம் நூத்திப் பன்னெண்டு நிக்குது, அத்தனைக்கும் எனக்குப் பேர் தெரியும்."